லைக்கா எம்4-2 அடியில் மோட்டார் வைண்டர்: காளை விடும் விழாவுக்கு எடுத்துப் போகலாமா?

லத்தேரிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். மாமா கப்பலில் வேலை பார்த்தவர், அவர் கொடுத்த லைக்கா எம்4-2 ஃபிலிம் கேமரா ஆறு வருடமாக என்னிடம் இருக்கிறது, 35-உம் 90-உம் லென்ஸ். பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது பழைய பிஸ்கட் டின்னுக்குள் இதே கேமராவுக்கான மோட்டார் வைண்டர் (ஒரு படம் எடுத்ததும் ஃபிலிமைத் தானே அடுத்த படத்துக்கு நகர்த்துவது) கிடைத்தது. கேமராவின் அடித்தட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுவது. நாலு பென் டார்ச் செல் போடுகிற மாதிரி. உள்ளே பழைய செல் நாலும் அப்படியே இருந்து, ஒழுகி, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப் போயிருக்கிறது.

எங்கள் பக்கம் பொங்கல் முடிந்த கையோடு ஊர் ஊராகக் காளை விடும் விழா ஆரம்பித்துவிடும். ஃபிலிமை நகர்த்தக் கட்டைவிரலால் லீவரைத் தள்ளித் தள்ளி இதுவரை ஒரு நல்ல படம் கூட எடுத்ததில்லை, ஒரு காளைக்கு ஒரே படம்தான், அதுவும் பாதி நேரம் வால் மட்டும். இந்த வைண்டரைச் சரி செய்து எடுத்துப் போனால் பயன் உண்டா? இல்லை இது மாதிரி ரேஞ்ச்ஃபைண்டருக்கு (தனி ஜன்னலில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் செய்யும் கேமரா) மோட்டார் என்பதே வேண்டாத வேலையா? இவ்வளவு வருடம் ஓடாத மோட்டாரை ஓட விட்டால் கேமராவின் பல்லுகில்லு போய்விடுமோ என்றும் பயம்.

பழைய ஸ்டூடியோ:

தம்பி, நேராகவே சொல்கிறேன், வேண்டாத வேலை. லாங்கு பஜார் பக்கம் முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்தியவன் நான். நிக்கான் எஃப்எம் வாங்கி அதற்கு எம்டி-12 மோட்டாரும் வாங்கினேன், எட்டு செல் போட வேண்டும், நொடிக்கு மூன்றரை படம். கழுத்தில் மாட்டிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் மாப்பிள்ளையை விட எனக்குத்தான் மரியாதை. ஒரு வருடம் அந்தப் பெருமையில் போனது. அப்புறம் கணக்குப் பார்த்தால் ஒரு கல்யாணத்துக்கு மூன்று ரோல் ஆன இடத்தில் ஐந்து ரோல் ஆகிறது, ஆல்பத்தில் ஒட்டுகிற படம் அதே எண்ணிக்கைதான். தாலி கட்டும்போது முதல் படம் விழவில்லை என்றால் அடுத்த நாலு படமும் மாமியாரின் முதுகு.

சத்தம் வேறு. கெட்டிமேளத்தில் ஒன்றும் கேட்காது, வாஸ்தவம். அதற்கு முன்னால் ஐயர் மந்திரம் சொல்லும்போது கிர்ர்ர் என்று ஓடும் பாருங்கள், அவர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

லைக்காவின் அழகே ஷட்டர் விழுந்ததா இல்லையா என்று பக்கத்தில் இருப்பவனுக்கே தெரியாததுதான். அதற்கு அடியில் மாவு மெஷினைக் கட்டிக்கொள்வது எதற்கு? இப்போது ரோல் விற்கிற விலையில் யோசித்துப் பாருங்கள், நொடிக்கு மூன்று படம் என்றால் 36 படம் 12 நொடியில் காலி. காளை ஊரைத் தாண்டுவதற்குள் உங்கள் ரோல் தாண்டிவிடும்.

திருப்புளி:

ஸ்டூடியோ ஐயா சொன்ன செலவுக் கணக்கு சரி. நிக்கான் எஃப்எம் மாதிரி எஸ்எல்ஆர் (உள்ளே இருக்கும் கண்ணாடி மூலம் லென்ஸ் வழியாகவே பார்க்கும் கேமரா) அனுபவத்தை அப்படியே ரேஞ்ச்ஃபைண்டருக்கு எடுத்து வருவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் தம்பியின் பயத்துக்குப் பதில்.

எம்4-2 மோட்டார் ஏற்பதற்கென்றே மாற்றி வடிவமைத்த கேமரா. 1970களின் கடைசியில் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து மிட்லண்ட் ஆலையில் செய்தார்கள். எம்4-இல் இருந்த செல்ஃப் டைமரை எடுத்துவிட்டார்கள், மேலே ஃபிளாஷுக்கு ஹாட் ஷூ வைத்தார்கள், அடியில் மோட்டாருக்கு இணைப்பு வைத்தார்கள். எம்3, எம்2, எம்4 இவற்றில் அந்த இணைப்பு கிடையாது, ஆலையிலேயே மோட்டாருக்கென்று மாற்றிக் கொடுத்த சில எம்2, எம்4 தவிர. எம்4-2-க்குப் பிறகு எம்4-பி, எம்6, எம்7, எம்பி என்று வரிசையாக எல்லாவற்றிலும் உண்டு. அதனால் பல் போகும் என்ற பயம் வேண்டாம், அந்த வண்டிக்காகவே போட்ட சாலை.

செல் ஒழுகியதற்கு வருவோம். ஆல்கலைன் செல்லில் இருந்து வருவது காரம், அதனால் மெல்லிய அமிலம்தான் அதற்கு மாற்று. எலுமிச்சைச் சாறோ வினிகரோ எடுத்து, காதுக்குப் போடும் பஞ்சுக் குச்சியின் நுனியை நனைத்து (சொட்டக் கூடாது), பூத்த இடத்தில் மட்டும் தொடுங்கள். நுரைக்கும். துடைத்துவிட்டு மறுபடி. பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் ஒருமுறை துடைத்து, ஒரு நாள் முழுக்க மூடியைத் திறந்தே வையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் வளைந்துவிடும். ஸ்பிரிங் அரித்துப் போயிருந்தால் பழைய டிவி ரிமோட்டில் இருந்து எடுத்து மாற்றலாம், நானே இரண்டு தரம் செய்திருக்கிறேன். கேமராவில் மாட்டாமல் தனியாக ஓட விட்டுச் சத்தத்தைக் கேளுங்கள். ஒரே சீராக ஓட வேண்டும், இழுத்து இழுத்து ஓடினால் நிறுத்திவிட்டு இங்கே வாருங்கள்.

ரீசார்ஜ் செல் போட்டால் மெதுவாக ஓடும், ஆச்சரியப்படாதீர்கள். சாதா செல் ஒன்றரை வோல்ட், ரீசார்ஜ் ஒன்று புள்ளி இரண்டு, நாலுக்கும் சேர்த்து ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைகிறது.

இப்போது ஐயாவுக்கு. எஸ்எல்ஆரில் படம் விழும் அந்தக் கணத்தில் கண்ணாடி மேலே போய்விடும், நீங்கள் பார்ப்பது அதற்கு முன்பும் பின்பும் மட்டும். மோட்டார் ஓடினால் வ்யூஃபைண்டர் கெட்டுப்போன டியூப் லைட் மாதிரி மினுக்கும். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்க்கும் ஜன்னல் மூடுவதே இல்லை. படம் விழுந்த அந்தக் கணத்தையே பார்க்கிறீர்கள், கண் மூடிவிட்டாரா, கை மறைத்ததா என்று தெரியும். ஆனால் உடனே கட்டைவிரலை நீட்டி லீவரைத் தள்ளும்போது கேமரா ஆடும், கட்டம் நகரும், பாதிப் பேர் கண்ணை எடுத்தும் விடுவோம். வைண்டர் மிச்சப்படுத்துவது அந்த ஆட்டத்தைத்தான். நொடிக்கு மூன்று படம் எடுப்பதற்கு இல்லை, ஒன்று எடுத்துவிட்டு அதே இடத்தில் அசையாமல் நிற்பதற்கு.

இடக்கண்:

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் இடது கண்ணால் பார்க்கிறவள். வலது கண்ணால் பார்க்கிற மகராசர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியாது. எம் கேமராவின் ஜன்னல் இடது ஓரத்தில் இருக்கிறது. வலது கண்ணை வைத்தால் முகம் வெளியே நிற்கும், லீவருக்கு இடம் இருக்கும். இடது கண்ணை வைத்தால் முழு முகமும் கேமராவின் முதுகில் அப்பிக்கொள்ளும், லீவர் திறக்கும்போது அதன் நுனி நேராக வலது புருவத்துக்கு வரும். கண்ணாடி போட்டவள் வேறு. என் வலது கண்ணாடியின் மேல் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கீறல் உண்டு, ஆப்டிகல்ஸ்காரர் ஒவ்வொரு தடவையும் எங்கே விழுந்தீங்கம்மா என்று கேட்பார். ஒவ்வொரு படத்துக்கும் கேமராவை முகத்தில் இருந்து இறக்கி, தள்ளி, திரும்ப ஏற்றி, திரும்ப கட்டம் பார்த்து... அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

எம்6-க்கு செகண்ட் ஹேண்டில் ‘மோட்டார் எம்’ என்ற லைக்கா வைண்டர் வாங்கிய பிறகுதான் நிம்மதி. அதில் ஒற்றைப் படம் தவிர இரண்டு வேகம், ஒன்றரையும் மூன்றும். மூன்றை வாங்கிய அன்று போட்டுப் பார்த்ததோடு சரி.

நான் எடுப்பது தெருக்கூத்து. ராணிப்பேட்டையில் இருந்து செய்யாறு வரை எந்த ஊரில் பாரதம் போட்டாலும் போவேன். கூத்துக்காரர் கிறுக்கி சுற்றும்போது பாருங்கள், அந்தப் பாவாடையும் புஜக்கட்டையும் சேர்ந்து ஒரு சுற்றில் ஒரே ஒரு தரம்தான் முகம் நம் பக்கம் வரும். கண்ணை எடுத்தால் தாளம் விட்டுப் போய்விடும். வைண்டர் வந்த பிறகு மத்தளத்தோடு சேர்ந்தே விரலை அழுத்துகிறேன், சுற்றுக்கு ஒன்று, சுற்றுக்கு ஒன்று.

சத்தம் பற்றி ஐயா சொன்னது எனக்கும் நடந்தது. மத்தளமும் முகவீணையும் ஜால்ராவும் ஓடும்போது வைண்டர் என்ன, டிராக்டர் ஓடினாலும் கேட்காது. ஒருநாள் திரௌபதி துகில் உரியும் இடம், எல்லாம் அடங்கி ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தபோது கை பதறி அழுத்திவிட்டேன். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அப்படியே நின்று, என் பக்கம் கையைக் காட்டி, "யாரும்மா அது, நடுராத்திரியில மாவு மில்லு தொறந்துட்டது?" என்றார். ஊர் சிரித்ததில் எனக்குக் காது சிவந்துவிட்டது. அன்றிலிருந்து வசனம் வரும் இடத்தில் வைண்டரை அணைத்துவிட்டு, புருவத்தில் குத்து வாங்கிக்கொண்டு கையாலேயே தள்ளுகிறேன்.

காட்பாடி ஹாஸ்டல்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும் அண்ணா, இவ்வளவு கஷ்டப்படுவதற்கு மோட்டார் உள்ளேயே இருக்கிற ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கிவிடலாமே? கோனிக்கா ஹெக்ஸார் ஆர்எஃப் 1999-இல் வந்தது, எம் லென்ஸ் அப்படியே மாட்டலாம், ஷட்டர் 4000-இல் ஒரு நொடி வரை போகும், ஃபிலிமைத் தானே திரும்பச் சுற்றியும் கொடுக்கும். இல்லையென்றால் கான்டாக்ஸ் ஜி2, ஆட்டோஃபோகஸே உண்டு, நொடிக்கு நாலு படம். பிஸ்கட் டின் வைண்டரோடு மல்லுக்கட்டுவதை விட சுலபம்.

திருப்புளி:

தம்பி, இரண்டும் நல்ல கேமராதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றில் எல்லாமே மின்சாரம். செல் தீர்ந்தாலோ போர்டு போனாலோ ஷட்டரும் கிடையாது சுற்றுவதும் கிடையாது, எடைக்கல்தான். பழுது பார்க்க உதிரி கிடைப்பதும் குதிரைக்கொம்பு. எம்4-2-இல் வைண்டர் செத்தால் அணைத்துவிட்டு லீவரைத் தள்ளலாம், கேமரா பாட்டுக்கு ஓடும். அவரிடம் ஏற்கெனவே இருக்கும் கேமராவைப் பற்றித்தான் கேட்டார். ஜி2-வில் எம் லென்ஸ் மாட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம், மாமாவின் 90-ஐ என்ன செய்வது?

அப்புறம் ரேஞ்ச்ஃபைண்டருக்கு மோட்டார் என்பது ஏதோ நேற்று வந்த பகட்டு என்று நினைக்க வேண்டாம். 1930களின் கடைசியிலேயே லைக்காவுக்குச் சாவி கொடுத்து ஓடும் ஸ்பிரிங் மோட்டார் இருந்தது. நிக்கான் எஸ்பி 1957-இல் வந்தபோது அதற்கு எஸ்-36 என்று மின்சார மோட்டார் வந்தது, நிக்கானின் எஸ்எல்ஆர் வருவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே.

மின்சாரமே வேண்டாம் என்றால் லைக்காவிட் மாதிரி அடித்தட்டு உண்டு, அடியில் மடங்கிய கொக்கியை இடது கை விரலால் இழுத்தால் ஃபிலிம் நகரும். 2003-இல் எம்பி வந்தபோது அதைப் புதிதாகவும் கொண்டுவந்தார்கள். சத்தம் குறைவு, செல் வேண்டாம், கண்ணும் எடுக்க வேண்டாம். விலையைக் கேட்டால் மட்டும் கண்ணை எடுத்துவிடுவீர்கள்.

குடியாத்தம் 400:

எல்லாரும் என்னென்னவோ சொல்கிறீர்கள், முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லை. தம்பி, நீங்கள் கடையில் வாங்கிய ரோல் போடுகிறீர்களா, நூறு அடி டின் வாங்கி நீங்களே கேசட்டில் சுற்றிக்கொள்கிறீர்களா?

லத்தேரிக்காரன்:

நானே சுற்றுவதுதான் அண்ணே. எச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிம் நூறு அடி டின், பதினெட்டு ரோல் வரும். ஏன் கேட்கிறீர்கள்?

குடியாத்தம் 400:

அப்படியென்றால் உட்கார்ந்து கேளுங்கள்.

எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. வைகாசி முதல் நாள், அந்த வெயிலும் கூட்டமும் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அம்மன் சிரசு தலைமேல் வரும்போது வழியெங்கும் தேங்காய் உடைத்துக்கொண்டே இருப்பார்கள், தெரு முழுக்கச் சிரட்டையும் தண்ணீரும், காலை எங்கே வைப்பது என்றே தெரியாது. நான் எம்4-பி-யில் வைண்டர் போட்டு ஒரு திண்ணை மேல் ஏறி நின்றுகொண்டேன். சிரசு வந்தது. எடுத்தேன், எடுத்தேன், எடுத்துக்கொண்டே இருந்தேன். படம் எண்ணும் எண்ணைப் பார்த்தால் 37. அடடா நல்ல வரவு என்று இன்னும் இரண்டு. 39. அப்போதுதான் வயிற்றில் புளி கரைத்தது.

விஷயம் என்னவென்றால் நாமே சுற்றும் ரோலில் ஃபிலிமின் வாலைக் கேசட்டின் நடுத்தண்டோடு டேப் போட்டுத்தான் ஒட்டுகிறோம். கையால் லீவர் தள்ளும்போது ரோல் முடிந்தால் கட்டைவிரலுக்குத் தெரியும், இறுகும், நின்றுவிடுவோம். மோட்டாருக்குக் கட்டைவிரல் இல்லை. கம்பெனி ரோல் என்றால் வால் கெட்டியாகப் பிடித்திருக்கும், மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும், மோசம் போனால் ஃபிலிமின் ஓரத்து ஓட்டை நாலு கிழியும். என் ரோலில் அந்த மே மாத வெயிலில் டேப் இளகி, வால் கழன்று, ஃபிலிம் முழுவதும் கேசட்டை விட்டு வெளியே வந்து கேமராவுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. பின்னால் சுற்றுவதற்கு இனி ஒன்றும் இல்லை. கைப்பிடியைத் திருகினால் காலியாகச் சுற்றுகிறது.

எம் கேமராவில் ஃபிலிம் போடவும் எடுக்கவும் அடித்தட்டைக் கழற்ற வேண்டும், இங்கே அடித்தட்டே வைண்டர்தான். அதைக் கழற்றினால் வெளிச்சம் உள்ளே. பக்கத்து வீட்டில் கெஞ்சி, அவர்கள் நெல் மூட்டை வைக்கும் அறைக்குள் போய், கதவிடுக்கில் புடவையைத் திணித்து, இரண்டு போர்வைக்குள் புகுந்து, வியர்வை கண்ணில் வழிய வழிய, தடவித் தடவி ஃபிலிமை உருவி, மசாலா டப்பா ஒன்றில் போட்டு மூடி கறுப்புத் துணி சுற்றிக் கொண்டுவந்தேன். இருபத்து நாலு படம் பிழைத்தது. மற்றதில் எல்லாம் என் கைரேகை. டப்பாவில் இருந்த தனியா வாசனை நெகடிவில் ரொம்ப நாள் இருந்தது என்று வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

அதனால் சொல்கிறேன், வைண்டருக்கு நாமே சுற்றும் ரோல் என்றால் ஒரு சுற்று டேப் போதாது, இரண்டு பக்கமும் மடித்து ஒட்டுங்கள். 36-க்கு மேல் ஆசைப்படாதீர்கள், 35-இலேயே வைண்டரை அணைத்துவிட்டு மிச்சத்தைக் கையால் தள்ளுங்கள். எடுக்கும்போது நடுநடுவே திரும்பச் சுற்றும் கைப்பிடி சுழல்கிறதா என்றும் ஒரு பார்வை. அது சுழலவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை, நீங்கள் ஒரே படத்தின் மேல் ஊர்வலம் முழுவதையும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பழைய ஸ்டூடியோ:

மோட்டாருக்குக் கட்டைவிரல் இல்லை. இதைத்தான் நான் முதலிலேயே வேறு வார்த்தையில் சொன்னேன், யார் கேட்டீர்கள். ஊட்டி ஆலையில் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் வந்துகொண்டிருந்த காலத்தில் நூறடி டின்னாக வாங்கி இருட்டறையில் கை அளவாலேயே வெட்டிச் சுற்றியவர்கள் நாங்கள். தோளில் இருந்து விரல் நுனிவரை நீட்டி இரண்டு முழம் என்று கணக்கு. ஒரு வால் கழன்றதில்லை.

இடக்கண்:

ஐயா, இரண்டு முழத்துக்கு 36 படம் வராதே? ஒரு படத்துக்கு 38 மி.மீ. என்று வைத்தாலும் முன்னும் பின்னும் சேர்த்து ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டுமே :)

பழைய ஸ்டூடியோ:

சரிம்மா, மூன்றரை முழம். வயதாகிறது.

திருப்புளி:

இன்னொன்றும் குடியாத்தம் சொன்னதோடு சேர்ந்தது. எம்4-2-இல் அடித்தட்டைக் கழற்றியதும் படம் எண்ணும் முள் தொடக்கத்துக்குப் போய்விடும். அதனால் பாதி ரோலில் வைண்டர் வேண்டாம் என்று தோன்றினாலும் கழற்றாதீர்கள், எண்ணும் போய்விடும் வெளிச்சமும் ஏறிவிடும். போடுவதா வேண்டாமா என்பதை ரோல் போடும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காளை விடும் விழாவில் எங்கே நிற்கப் போகிறீர்கள்? ஓடுபாதைக்குள் மட்டும் இறங்க வேண்டாம்.

லத்தேரிக்காரன்:

பாதைக்குள் போக மாட்டேன் அண்ணே, போன வருடம் தடுப்புக் கட்டையைத் தாண்டி எட்டிப் பார்த்த ஒருவரைக் காளை தூக்கியதைப் பார்த்தவன். முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டு மொட்டைமாடி இருக்கிறது. தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள், காளை அதைத் தாண்டும் நேரத்தைத்தான் கணக்கெடுப்பார்கள். மாடியில் இருந்து 35 லென்ஸில் காளை எறும்பு மாதிரி இருக்கும், அதனால் 90. ஆனால் ஓடிவரும் காளை மேல் ரேஞ்ச்ஃபைண்டர் இரட்டை உருவத்தை எப்படிப் பொருத்துவது, அதுதான் தெரியவில்லை.

திருப்புளி:

காளை மேல் பொருத்தவே வேண்டாம், சுண்ணாம்புக் கோட்டின் மேல் பொருத்திவிட்டு லென்ஸை மறந்துவிடுங்கள். வெள்ளைக் கோடு மாதிரி இரட்டை உருவம் சேர்ப்பதற்கு வசதியான பொருள் உலகத்தில் இல்லை. காலை பத்து மணி வெயிலில் 400 ஃபிலிமுக்கு ஆயிரத்தில் ஒரு நொடி, எஃப் 11 கிடைக்கும். 90 லென்ஸில் பத்து மீட்டரில் நிறுத்தினால் சுமார் ஏழு மீட்டரில் இருந்து பதினாறு பதினேழு மீட்டர் வரை தெளிவாக விழும். காளை நொடிக்குப் பத்து மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தெளிவுக்குள் அது இருப்பது ஒரு நொடி. வைண்டரை முழு வேகத்தில் விட்டாலே மூன்று படம்தான், ஒவ்வொன்றுக்கும் நடுவே காளை மூன்று மீட்டருக்கு மேல் போயிருக்கும். அதனால் அமுக்கிப் பிடிப்பதால் லாபம் இல்லை. கோட்டில் கால் வைக்கும்போது ஒன்று, அப்படியே நில்லுங்கள், கண்ணை எடுக்காதீர்கள், அடுத்து என்ன வருகிறதோ அதற்கு ஒன்று.

காட்பாடி ஹாஸ்டல்:

மறுபடி குறுக்கே வருகிறேன். வேகமாகச் சுற்றினால் ஃபிலிமில் மின்னல் மாதிரி கோடு விழும் என்று படித்தேனே, அது?

திருப்புளி:

உரசலில் வரும் நிலைமின்சாரம். உறைபனியும் வறண்ட காற்றும் இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அந்தக் கவலை. நமக்கு அதற்குப் பதிலாக வியர்வை இருக்கிறது.

லத்தேரிக்காரன்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எலுமிச்சை வேலை செய்தது, ஆனால் ஒரு பக்கத் தகடு தொட்டதும் உடைந்துவிட்டது. ஊரில் ஒருவரிடம் கொடுத்தேன், அவர் ஈயத்தை அள்ளி அப்பி செல்லே உள்ளே போகாத மாதிரி செய்துவிட்டார். சென்னை போகும் வேலை இருந்தது, ரிச்சி தெருவில் அலைந்து அதே அகலத்தில் ஒரு தகடு வாங்கி வந்து நானே வெட்டி வைத்தேன். செல் போட்டதும் ஓடியது. அந்தச் சத்தம் கேட்டு மாமா உள்ளறையில் இருந்து எழுந்து வந்து கதவோரம் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை, கையை நீட்டி வாங்கி இரண்டு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்.

விழா அன்று இரண்டு ரோல், இரண்டிலும் வாலை இரட்டையாக ஒட்டினேன். முதல் ரோலில் யார் சொன்னதையும் கேட்காமல் அமுக்கிப் பிடித்தேன், கை சும்மா இருக்கவில்லை. ஆறு காளைக்கு ரோல் தீர்ந்தது. கழுவிப் பார்த்தால் ஸ்டூடியோ ஐயா சொன்னதேதான், கொம்பு ஒரு படத்தில், வால் ஒரு படத்தில், நடுவில் இருக்க வேண்டிய காளை இரண்டு படத்துக்கும் இடையில் எங்கேயோ போய்விட்டது. வைண்டரைக் கழற்றி, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி நிழலில் குந்தி அடுத்த ரோல் போடுவதற்குள் நாலு காளை ஓடிவிட்டது, அந்த நாலில் ஒன்றுதான் அன்றைக்குப் பரிசு வாங்கியது.

இரண்டாவது ரோலில் காளைக்கு இரண்டே படம். கோட்டில் ஒன்று, பிறகு பொறுமையாக இன்னொன்று. முதல் படங்களில் ஏழெட்டு தேறும். ஆனால் நான் சொல்ல வந்தது அந்த இன்னொன்றைப் பற்றி. முன்பெல்லாம் காளை போனதும் லீவர் தள்ளக் கேமராவை இறக்கிவிடுவேன், காளைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று இந்த ஆறு வருடத்தில் ஜன்னல் வழியாக நான் பார்த்ததே இல்லை. இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. கறுப்பு மயிலை ஒன்று கோட்டைத் தாண்டிப் போய்விட்டது, தெருவில் புழுதி மட்டும். தடுப்புக் கட்டைகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்த கூட்டம் முழுவதும் காளை போன திசையில் தலையைத் திருப்பி நிற்கிறது. ஒரே ஒரு பெரியவர் மட்டும் எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு, துண்டைக் கழுத்தில் இருந்து எடுத்து இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். அவர்தான் காளைக்குச் சொந்தக்காரர், நேரத்தை அறிவிக்கப் போகும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது.

அந்தப் படத்தை மாமா கையில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

பழைய ஸ்டூடியோ:

படத்தைப் பார்த்தேன். இடது ஓரத்தில் கட்டையில் உட்கார்ந்திருக்கும் பையனின் காலை வெட்டிவிட்டாய். 90-இன் கட்டம் ஜன்னலில் சின்னதாகத்தானே இருக்கும், வெளியே வருவதும் தெரியுமே, கொஞ்சம் இடது பக்கம் தள்ளியிருக்கலாம். பெரியவர் நன்றாக இருக்கிறார். பத்துக்குப் பன்னிரண்டில் ஒரு பிரிண்ட் போட்டு வை, சனிக்கிழமை கோட்டைப் பக்கம் வருவேன்.

மோட்டார் வேண்டாத வேலைதான். அதில் மாற்றம் இல்லை.

இடக்கண்:

:)

லத்தேரிக்காரன்:

கொண்டு வருகிறேன் ஐயா.

குடியாத்தம் அண்ணே, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வைண்டரோடு சேர்த்து கேமரா கைக்குப் பெரிதாக இருக்கிறது, வியர்த்தால் வழுக்குகிறது, வைண்டரையும் சேர்த்து மூடுகிற மாதிரி அரை உறை ஒன்று தோலில் தைக்கலாம் என்று பேர்ணாம்பட்டில் ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். ஷூ தைப்பவர், கை சுத்தம். என் வைண்டரைக் கொடுத்துவிட்டு வர மனம் வரவில்லை, காகிதத்தில் அளவு வரைந்து கொடுத்தேன், ஸ்விட்ச் இருக்கும் இடத்தைக் குறிக்க மறந்துவிட்டேன். உங்கள் எம்4-பி உறையில் ஸ்விட்சுக்குத் துளை விட்டிருக்கிறதா, இல்லை அந்தப் பக்கத்தையே முழுதாகத் திறந்து விட்டிருக்கிறார்களா? ஒரு படம் எடுத்துப் போடுங்கள், அவர் தோலை விரித்து வைத்துக்கொண்டு தினம் போன் செய்கிறார்.